தில்லிச் செங்கோட்டையைக் காணும் முறை

தலைநகரில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களுக்கு ஆண்டில் ஒருமுறையேனும் ஊரிலிருந்து உறவினர் வருவது வழக்கம். காசிக்கும் ஹரித்துவாருக்கும் செல்லும் வழியில் இரண்டு நாள் தங்குவார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு நாளை ஒதுக்கி, தில்லி முழுவதையும் அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது வீட்டுக்காரருக்கு எழுதப்படாத கடமை. வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு காலையில் குதுப் மினார், பிறகு பிர்லா மந்திர், ராஜ்காட் என்று சுற்றிவிட்டு, வெயில் சாயும் நேரத்தில் செங்கோட்டை வாயிலுக்கு வந்து சேர்வார்கள். களைத்துப்போன கால்களோடு அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பும்போது பெரியவர் ஒருவர், "மதில் என்னவோ பெரிதாகத்தான் இருக்கிறது, உள்ளே ஒன்றையும் காணோமே, அப்பா!" என்பார். அழைத்துச் சென்றவரிடம் அதற்கு மறுமொழி இராது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அவருடைய பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த மயிலாசனத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு பனிக்குழைவு வாங்கித் தரும்படி கேட்பார்கள்.

அந்தப் பெரியவர் சொன்னது பொய் அன்று. செங்கோட்டையின் மதில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சுற்றளவு உடையது. ஆற்றுப் பக்கத்தில் 18 மீட்டரும் நகரத்துப் பக்கத்தில் 33 மீட்டருமாக உயர்ந்து நிற்பது. இவ்வளவு பெரிய மதிலுக்குள் இன்று நாம் காண்பவை, புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் சில பளிங்கு மண்டபங்களும், அவற்றுக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் நிற்கும் பட்டாளக் கட்டிடங்களுமே. ஆகையால் இந்த அரண்மனையைக் காணப் புறப்படுமுன், அங்கே எவை இருந்தன, அவை எங்கே போயின என்பவற்றை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு போவது நலம். அவ்வாறு சென்றால் வெற்றிடமும் பேசத் தொடங்கும்.

மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். தில்லிக் கோட்டைக்குச் சில ஆண்டுகளே மூத்தது அது. அங்கும் நாயக்கர் கட்டியதில் ஒரு பகுதிதான் இன்று எஞ்சியிருக்கிறது. ஆனால் மதுரையில் எஞ்சியது ஒரு முழு முற்றமும் அதைச் சூழ்ந்த தூண் வரிசைகளும். எனவே உள்ளே நுழைந்தவுடன் அரண்மனைக்குள் வந்துவிட்டோம் என்ற உணர்வு எவருக்கும் உண்டாகிறது. தில்லியில் நேர்ந்தது இதற்கு மாறானது. முற்றங்களும் அவற்றின் சுற்று மண்டபங்களும் அழிந்தன. அவற்றின் நடுவிலும் ஓரத்திலும் இருந்த தனி மாளிகைகள் மட்டும் நிற்கின்றன. வீட்டின் சுவர்களை எல்லாம் இடித்துவிட்டுப் பூசையறையையும் ஊஞ்சல் கூடத்தையும் மட்டும் விட்டுவைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவருக்குச் செங்கோட்டை என்றால் குற்றாலத்துக்கு அருகில் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர்தான் முதலில் நினைவுக்கு வரும். தில்லியின் லால் கிலாவுக்கும் அதே பெயரை நாம் வழங்கிவிட்டோம். இதைக் கட்டிய ஷாஜஹான் மன்னர் காலத்தில் இதற்குச் 'செந்நிறக் கோட்டை' என்ற பெயர் இல்லை; 'கிலா-இ-முபாரக்', அதாவது நற்பேறுடைய கோட்டை என்றே வழங்கினர். மதில் செம்மணற்கல்லால் ஆனதே எனினும், உள்ளே இருந்த மாளிகைகளில் பளிங்கால் ஆனவையும், பளிங்கு போல மின்னும்படி வெண்சாந்து பூசப்பெற்றவையும் மிகுதி. செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் கை வைத்தால் முகம் தெரியும்படி மெருகிட்ட சுண்ணாம்புப் பூச்சைக் கண்டவர்கள், அந்த வெண்மையை மனத்தால் எளிதில் காணலாம்.

ஆக்ராவிலிருந்து தலைநகரைத் தில்லிக்கு மாற்றக் கருதிய ஷாஜஹான் 1639-ஆம் ஆண்டில் இக்கோட்டையைத் தொடங்கி 1648-ஆம் ஆண்டில் குடிபுகுந்தார். உஸ்தாத் அஹமத் லாஹோரி, உஸ்தாத் ஹாமித் என்னும் இருவர் தலைமைச் சிற்பிகள் என்று கூறுவர். யமுனை ஆறு அப்போது கிழக்கு மதிலை ஒட்டி ஓடிற்று. இன்று ஆறு கிழக்கே விலகிப் போய்விட்டது. அதன் பழைய படுகையில் சாலை போட்டு வண்டிகள் ஓடுகின்றன. அரசரின் சொந்த மாளிகைகள் அனைத்தும் ஆற்றை நோக்கிக் கிழக்கு ஓரத்தில் வடக்கு தெற்காக ஒரே வரிசையில் அமைந்தவை. இந்த வரிசையை நூல் போலக் கோத்திருந்தது ஒரு வாய்க்கால். 'நஹர்-இ-பிஹிஷ்த்' என்று அதற்குப் பெயர். சுவர்க்கத்தின் நீரோடை என்பது பொருள்.

இந்த வாய்க்காலைப் புரிந்துகொண்டால் அரண்மனை புரிந்துவிடும் என்று துணிந்து சொல்லலாம். மதிலடியில் ஆறு ஓடுகிறது; ஆயினும் அந்த நீர் அரண்மனைக்குப் பயன்படவில்லை. காரணம் எளியது. ஆறு பள்ளத்தில், மாளிகைகள் மேட்டில். காவிரிக் கரையில் நிலம் வைத்திருக்கும் எவரும் இதை ஒரு நொடியில் புரிந்துகொள்வர். மேட்டு நிலத்துக்கு நீர் வேண்டுமானால் ஆற்றில் வெகு தொலைவு மேலே சென்று தலைமதகு வைத்து வாய்க்காலைப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் நீர் தன் மட்டத்தைக் காத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து சேரும். யமுனை மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் பகுதியிலிருந்து பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரோஸ் ஷா துக்ளக் ஒரு கால்வாய் வெட்டியிருந்தார். தூர்ந்து கிடந்த அதனை ஷாஜஹான் காலத்தில் செப்பனிட்டுத் தில்லி வரை நீட்டினர். அலி மர்தான் கான் என்னும் பிரபுவின் பெயரால் அது பிற்காலத்தில் வழங்கலாயிற்று. அக்கால்வாயின் ஒரு கிளை சாந்தினி சௌக் கடைத்தெருவின் நடுவே ஓடிற்று. கோட்டைக்குள் வந்த நீர் வடகிழக்கு மூலையில் வெளிப்பட்டுத் தெற்கு நோக்கி மாளிகை மாளிகையாக நுழைந்து சென்றது. நீரை இறைக்காமல், அதன் இயல்பான ஓட்டத்தாலேயே நூற்றுக்கு மேற்பட்ட கல் தொலைவிலிருந்து கொண்டுவந்து, அரசரின் படுக்கை அறையைத் தாண்டி ஓடவிட்ட அந்தப் பொறியியல் திறனைப் பற்றி வழிகாட்டிகள் அதிகம் பேசுவதில்லை. மயிலாசனத்தின் விலையைப் பற்றியே பேசுகிறார்கள்.

ஆகவே நான் கூறும் யோசனை இது: செங்கோட்டைக்குள் நீர் எந்தத் திசையில் ஓடிற்றோ அந்தத் திசையிலேயே நடந்து பாருங்கள். கூட்டம் செல்லும் வழி வேறு. அவர்கள் பொது மண்டபத்தைத் தாண்டி நேரே எதிர்ப்படும் மாளிகைக்குச் சென்று, பிறகு வடக்கே திரும்பி, தோட்டத்துக்கு வருவதற்குள் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். நாம் தோட்டத்தில் தொடங்குவோம்.

அதற்கு முன் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைகளில் கோட்டைக்கு விடுமுறை. ஆகஸ்டு மாதத்தில் சுதந்திர தின ஏற்பாடுகளுக்காகப் பல நாட்கள் மூடிவைப்பார்கள். ஆடி அமாவாசைக்குக் கங்கையில் நீராட வரும் உறவினருக்கு இதை முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து மார்ச் முடிய நடப்பதற்கு ஏற்ற காலம். அவற்றுள்ளும் டிசம்பர், ஜனவரியில் காலைப் பனிமூட்டம் கண்ணை மறைக்கும். பத்து மணிக்கு மேல் செல்வதே பயன் தரும். மே, ஜூன் மாதங்களில் வயதானவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். புல்வெளியில் நிழல் குறைவு. பளிங்கும் மணற்கல்லும் வெயிலைத் திருப்பி முகத்தில் வீசும். மற்ற மாதங்களில் காலையில் வாயில் திறந்தவுடன் சென்றால் மூன்று மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம். குதுப் மினாரையும் இதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஊரின் இரு கோடிகள்.

மெட்ரோ ரயிலில் ஊதா நிற வழித்தடத்தில் 'லால் கிலா' என்ற நிலையம் கோட்டைக்கு எதிரிலேயே உள்ளது. மஞ்சள் வழித்தடத்தில் வருவோர் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கிக் கடைத்தெரு வழியே வரலாம். சீட்டை இணையத்தில் முன்னதாகவே வாங்கிக்கொண்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. சோதனை கடுமையாக இருக்கும். பெரிய பைகளையும் சமையலறைக் கத்தி போன்றவற்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் பழம் நறுக்குவதற்கென்று கைப்பையில் ஒரு சிறு கத்தி வைத்திருப்பது வழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன். குடிநீர் கையில் இருக்கட்டும்.

லாஹோரி வாயில் வழியே உள்ளே நுழைகிறோம். வாயிலுக்கு முன் ஒரு காப்பு மதில் மறைத்துக்கொண்டு நிற்கும். அது ஷாஜஹான் கட்டியதன்று. மகன் ஔரங்கசீப் பின்னர் எழுப்பியது. ஆக்ராவில் சிறைப்பட்டிருந்த தந்தை அதைக் கேள்வியுற்று, மணமகளின் முகத்துக்கு மகன் திரையிட்டுவிட்டான் என்று வருந்தியதாகச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு 15-ஆம் நாள் பிரதமர் கொடியேற்றி உரையாற்றுவது இந்த வாயிலின் மதில்மேல் நின்றே. 1947-ஆம் ஆண்டில் மட்டும் இங்கே நேரு கொடியேற்றியது 16-ஆம் தேதி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விடை தெரிந்தவர் வகுப்பில் மிகச் சிலரே இருப்பர்.

உள்ளே சத்தா சௌக் என்னும் கூரையிட்ட கடைவீதி. அரசகுலப் பெண்களுக்குப் பட்டும் நகையும் விற்ற இடம். இன்று வளையலும் பொம்மையும் விற்கிறது. திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். அடுத்து நௌபத் கானா. நாள்தோறும் ஐந்து வேளை இங்கே முரசும் குழலும் ஒலித்தன. நம் கோயில்களில் காலபூசைக்கு நாகசுரம் ஒலிப்பதை எண்ணிக்கொண்டால் போதும். யானைமேல் வந்த பிரபுக்கள் இவ்வாயிலில் இறங்கிவிட வேண்டும். அரச குடும்பத்தினர் மட்டுமே இதற்கப்பால் ஏறிச் செல்லலாம்.

அதற்கப்பால் தெரியும் தூண் மண்டபம் திவானி ஆம் என்னும் பொதுச் சபை. ஒன்பது வளைவுகள் கொண்ட முகப்பு. இப்போது செங்கல் நிறமாகத் தோன்றும் இத்தூண்கள் மீதுதான் முன்னே கூறிய வெண்சாந்து பூசப்பட்டிருந்தது. மண்டபத்தின் பின்சுவரில் அரசர் அமர்ந்த பளிங்கு மேடை உள்ளது. அதன் பின்னே கல்லில் வண்ணக்கல் பதித்துச் செய்த பறவைகளையும் பூக்களையும் உற்று நோக்க வேண்டும். அருகில் செல்லவிட மாட்டார்கள். வீட்டில் தொலைநோக்கி இருந்தால் கொண்டு செல்லுங்கள். மேலே நடுவில் ஒரு சிறிய படம்: கிரேக்கக் கதையில் வரும் ஆர்பியஸ் இசைக்கருவியை மீட்ட, விலங்குகள் மெய்ம்மறந்து கேட்கின்றன. இந்துஸ்தானத்துப் பேரரசரின் தலைக்கு மேலே கிரேக்க இசைவாணன்! ஐரோப்பியக் கைவினைஞர் செய்த கற்பலகைகள் இங்கு வந்து சேர்ந்தன என்று அறிஞர் கருதுவர். 1857-க்குப் பிறகு இப்பலகைகளுள் சில இலண்டனுக்குப் போய், கர்சன் பிரபுவின் முயற்சியால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டு வந்தன.

இங்கிருந்துதான் நம் வழி பிரிகிறது. கூட்டத்தோடு நேரே செல்லாமல் இடப்பக்கம், அதாவது வடக்கே திரும்புங்கள். ஹயாத் பக்ஷ் பாக், 'உயிரளிக்கும் சோலை' என்னும் தோட்டம் வரும். வாய்க்கால்கள் தோட்டத்தைப் பகுத்துச் செல்ல, நடுவில் பெரிய செவ்வகக் குளம். வடகோடியிலும் தென்கோடியிலும் எதிரெதிராக இரண்டு பளிங்கு மண்டபங்கள். ஒன்றின் பெயர் சாவன், மற்றொன்று பாதோன். நம்முடைய ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி வரும் வடநாட்டு மழைக்கால மாதங்களின் பெயர்கள் அவை. தில்லியின் வைகாசி வெயிலில் ஓர் ஆண்டேனும் வாடியவர்களுக்கு, ஓர் அரசர் தம் தோட்ட மண்டபங்களுக்கு மழை மாதங்களின் பெயரை ஏன் வைத்தார் என்று விளக்க வேண்டியதில்லை. மண்டபத்தின் விளிம்பிலிருந்து நீர் திரைபோல விழும். அத்திரைக்குப் பின்னே சுவரில் வரிசை வரிசையாகச் சிறு மாடங்கள் இருப்பதைக் காணலாம். பகலில் அவற்றில் பூச்சாடிகளையும் இரவில் விளக்குகளையும் வைத்தனர். ஓடும் நீரினூடே சுடர் தெரியும். நம் வீட்டுக் கார்த்திகை விளக்கு மாடங்களே அவை. முன்னே ஒரு மழைத்திரை மட்டும் கூடுதல். பெண்களும் பிள்ளைகளும் இந்த மாடங்களை எண்ணிப் பார்ப்பதில் மகிழ்வதைக் கண்டிருக்கிறேன்.

குளத்தின் நடுவே நிற்கும் செம்மணற்கல் மண்டபம் ஜபர் மஹால். கடைசி மன்னர் பகதூர் ஷா 1842-ஆம் ஆண்டையொட்டிக் கட்டியது. அழகால் அது மற்ற மண்டபங்களுக்கு ஈடாகாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலைபோலப் பளிங்கைக் குவித்த குலத்தில் வந்தவர், கம்பெனியார் தந்த உதவித்தொகையில் வாழ்ந்துகொண்டு, இயன்ற கல்லில் இயன்ற அளவு கட்டினார். அதனால்தானோ என்னவோ, இத்தோட்டத்தில் என் மனத்தை அதிகம் தொடுவது இந்த மண்டபமே. இத்தோட்டத்துக்கு மேற்கே மஹ்தாப் பாக் என்ற நிலாத் தோட்டம் ஒன்றும் இருந்தது. இன்று அதன் அடையாளமே இல்லை. பட்டாளக் கட்டிடங்கள் அந்தத் திசையிலேயே எழுந்தன.

தோட்டத்தின் வடகிழக்கு மூலைக்குச் செல்லுங்கள். ஷா புர்ஜ் என்னும் கொத்தளமும் அதையொட்டி ஒரு பளிங்கு மண்டபமும் அங்கே உண்டு. கொத்தளத்தின் மேலிருந்த குவிமாடம் 1857-இல் அழிந்தது. மண்டபத்தின் உள்ளே சாய்ந்த பளிங்குப் பலகை ஒன்றையும், அதன் அடியில் இதழ் இதழாகக் குடைந்த தொட்டி ஒன்றையும் காணலாம். அதுதான் சுவர்க்கத்து நீரோடையின் ஊற்றுக்கண். நீர் அந்தச் சாய்வில் சலசலத்து இறங்கித் தொட்டியில் நிறைந்து தெற்கே புறப்பட்டது. இன்று சாய்வு வறண்டு கிடக்கும். வறண்டிருந்தால்தான் என்ன? பிள்ளைகளை அங்கே நிறுத்தி, "இப்போது நாம் தண்ணீர், புறப்படுவோம்" என்று சொல்லுங்கள். மதிலை இடப்பக்கமாக வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தால் வழி தப்பாது.

ஹீரா மஹால் என்னும் சிறு மண்டபத்தைக் கடந்தால் ஹம்மாம், அரச குடும்பத்துக் குளியல் மாளிகை. பெரும்பாலும் பூட்டியே இருக்கும். எதிரே ஔரங்கசீப் கட்டிய மோதி மசூதி; அதையும் வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அடுத்தது திவானி காஸ், அரசர் தம் அமைச்சரோடும் தூதரோடும் அமர்ந்த தனிச்சபை.

இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும். ஒரே மண்டபத்தில் ஒரு வம்சத்தின் ஏற்றமும் இறக்கமும் இவ்வளவு நெருக்கமாக நிகழ்ந்த இடம் நம் நாட்டில் வேறு இல்லை எனலாம். மயிலாசனம் இங்கே இருந்தது. 1739-இல் பாரசீகத்து நாதிர் ஷா தில்லியைச் சூறையாடி அதை எடுத்துச் சென்றான். கோகினூர் வைரமும் அவனோடு போயிற்று. மேற்கூரையில் வேய்ந்திருந்த வெள்ளித் தகட்டை 1760-இல் மராட்டியர் பெயர்த்து உருக்கினர். படைக்குச் சம்பளம் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. 1788-இல் குலாம் காதிர் என்பவன் அரண்மனையைக் கைப்பற்றி முதிய மன்னர் ஷா ஆலத்தின் கண்களைப் பறித்தான். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஆங்கிலத் தளபதி லேக் தில்லியைப் பிடித்து உள்ளே வந்தபோது அவரை வரவேற்றவர் பார்வையற்ற அந்த மன்னரே. 1858 ஜனவரியில், தம் முன்னோர் வீற்றிருந்த இதே மண்டபத்தில் எண்பது வயதைக் கடந்த பகதூர் ஷா குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். தீர்ப்பு மார்ச்சு மாதம் வந்தது. இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862-இல் அங்கேயே இறந்தார்.

'உள்ளே ஒன்றையும் காணோமே' என்ற பெரியவரின் கேள்விக்கு விடையும் இங்குதான் இருக்கிறது. நாதிர் ஷாவும் மராட்டியரும் எடுத்துச் சென்றவை பொன்னும் வெள்ளியும். கட்டிடங்கள் நின்றன. 1857-ஆம் ஆண்டின் எழுச்சியை அடக்கிய பின் கோட்டையைப் படைமுகாமாக மாற்றிய ஆங்கிலேயரே அரண்மனையின் பெரும்பகுதியை இடித்தனர். திவானி ஆம் முற்றத்தைச் சூழ்ந்த மண்டபங்கள், தெற்கே பரந்திருந்த அந்தப்புர முற்றங்கள், தோட்டங்களின் மேற்குப் பகுதி எல்லாம் போயின. தேவையின் பொருட்டு மட்டும் இடித்தார்கள் என்று சொல்ல முடியாது. இனி இங்கே ஓர் அரசு எழக்கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது. ஆங்கிலேயரிலேயே கட்டிடக்கலை வரலாற்றாசிரியர் பெர்குசன் இச்செயலைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். எஞ்சிய மாளிகைகளில் ஒன்று படை அதிகாரிகளின் உணவுக்கூடமாகவும் மற்றொன்று சிறையாகவும் பயன்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் படையினர் கோட்டையின் பெரும்பகுதியில் இருந்தனர். 2003-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் வந்தது. 2007-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மீண்டும் நீரோடு நடப்போம். அடுத்தது காஸ் மஹால், அரசரின் சொந்த இருப்பிடம். வாய்க்கால் இதன் நடுவே புகுகிறது. புகும் இடத்தில் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாய்ச் செதுக்கிய பளிங்குத் திரை ஒன்று உண்டு. அதன் மேற்புறத்தில் பிறைகளும் விண்மீன்களும் சூழ ஒரு துலாக்கோல். நீதியின் தராசு என்று அதை அழைத்தனர். அரச நீதி தராசு போல நிற்க, அதன் அடியில் நீர் ஓயாது ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைவில் கொண்டு அதைப் பாருங்கள். கிழக்கே மதிலோடு ஒட்டி எண்கோண வடிவில் முசம்மன் புர்ஜ். அதன் சாளரத்தில் அரசர் காலைதோறும் தோன்றி, கீழே ஆற்று மணலில் கூடிய மக்களுக்குக் காட்சி தந்தார். அரசர் உயிரோடிருக்கிறார், ஆட்சி நடக்கிறது என்பதற்கு அதுவே அன்றாடச் சான்று. 1911 டிசம்பரில் தில்லி தர்பாருக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் முகலாய முறையைப் பின்பற்றி இங்கே வந்து மக்கள்முன் தோன்றினர். நாற்காலி மாறியது, சாளரம் மாறவில்லை.

பிறகு ரங் மஹால். அதன் நடுவில் மலர்ந்த தாமரை வடிவில் ஒரே பெரிய பளிங்குத் தொட்டி. நீரோடை அதில் வந்து நிறைந்தது. அந்தப்புரத்தின் தலைமை மாளிகையாக இருந்து, பின்னர் படை அதிகாரிகளின் உணவுக்கூடமானது இதுவே. தெற்கே கடைசியாக நிற்பது மும்தாஜ் மஹால். அத்தோடு வரிசை முடிகிறது.

கால்களில் வலுவிருந்தால் ஒன்று பாக்கி. முன்னே நாம் முகம் சுளித்த பட்டாளக் கட்டிடங்களில் சிலவற்றை 2019-ஆம் ஆண்டில் காட்சிசாலைகளாக்கித் திறந்தார்கள். அவற்றுள் நேதாஜியைப் பற்றியும் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றியும் உள்ளதைத் தமிழர் தவறவிடக்கூடாது. 1945 நவம்பரில் அந்தப் படையின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் ஆங்கில அரசு இக்கோட்டையில் வைத்துத்தான் விசாரித்தது. பூலாபாய் தேசாய் வாதாடினார். பல ஆண்டுகளாக நீதிமன்றம் செல்லாதிருந்த நேருவும் வழக்கறிஞர் அங்கியை அணிந்து வந்தார். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில் 1946 ஜனவரியில் மூவரும் விடுதலை பெற்றனர். கடைசி முகலாயரை விசாரித்த இடத்திலேயே இவர்களையும் விசாரித்தால் மக்கள் அஞ்சுவர் என்று அரசு எண்ணியிருக்கலாம். நேர்ந்தது நேர்மாறு.

அந்தப் படையில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படைப்பிரிவின் தலைவி கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். அவருக்குக் கீழே துப்பாக்கி ஏந்திய பெண்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். தஞ்சை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வரும் உறவினருள், மலேயாவுக்குச் சென்று திரும்பாத தாத்தாவோ பெரியப்பாவோ இல்லாத குடும்பம் குறைவு. அவர்களைச் சுவரிலுள்ள புகைப்படங்களின் முன் நிறுத்திப் பாருங்கள். கால்வலி மறந்து, பேச்சு தானே தொடங்கும். இதற்கென்று முக்கால் மணி நேரம் தனியே ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் இது அடங்காது.

திரும்பி லாஹோரி வாயிலுக்கு வெளியே வந்து மேற்கே நோக்கினால் நேரே தெரிவது சாந்தினி சௌக். பகல் நேரத்தில் அத்தெருவில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை என்பதால் முன்போல் நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. நடக்க முடியாத பெரியவர்களை சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் பின்னே நடக்கலாம். கால்வாயின் கிளை ஓடியது அத்தெருவின் நடுவில்தான். மெட்ரோ நிலையத்துக்குத் திரும்பும் சந்து வரும் வரையில் அதன் வழியிலேயே செல்லலாம்.